தலைமடைக் காடு

காவிரிப் படுகையில் காட்டு விலங்குகள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களில்தான் வாழ்கின்றன. சிதம்பரத்தின் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். அதற்கு மேற்கே கொள்ளிடத்தை ஒட்டிய பகுதியில் ஓமாம்புலியூர், கானாட்டம்புலியூர் என்று இரண்டு ஊர்கள். திருவையாற்றுப் பக்கம் பெரும்புலியூர் என்று இன்னொன்று. புலிக்கால் முனிவர் எனப்படும் வியாக்கிரபாதர் வழிபட்ட தலங்கள் இவை என்பது தலபுராணம். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பெயர்; அந்தப் புள், சீதைக்காகப் போரிட்டு வீழ்ந்த சடாயு. அதன் பெயரில் கோயிலுக்குள் இன்றும் ஒரு குண்டம் இருக்கிறது. இந்த மண்ணை ஆண்ட சோழர்கள் கொடியிலும் காசிலும் முத்திரையிலும் புலியைப் பொறித்தார்கள். ஆனால் கல்லணைக்குக் கிழக்கே காட்டுப்புலி ஒன்று நடமாடியதாக என் தாத்தா சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

கும்பகோணத்தை அடுத்த ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் நான். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு பிள்ளை எழுந்து, “சார், புலியூர்ல நிஜமாவே புலி இருந்துச்சா?” என்று கேட்டுவிடும். புராணத்தைச் சொல்லி உட்கார வைத்துவிடுவேன். அந்தப் பதிலில் எனக்கே நிறைவு இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலத்தில் நேரத்தைச் செலவிடத் தொடங்கியபோதுதான் அந்தக் கேள்வியை வேறு திசையிலிருந்து அணுக வேண்டும் என்று தோன்றியது. வயலுக்கு வரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால் புலி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வரைபடத்தை விரித்தால் விடை எளிதாகவே கிடைத்துவிடுகிறது. கல்லணையைத் தாண்டி முக்கொம்பு, அதைத் தாண்டி மாயனூர், கரூர்ப் பக்கம் அமராவதி வந்து சேரும் இடம், பிறகு நொய்யல், அதற்கும் மேலே பவானி என்று காவிரியின் வலப்பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகலாம். அமராவதியின் தலைநீர் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைகளிலிருந்து வருகிறது. பவானியோடு சேரும் மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் என்னும் இரண்டு புலிகள் காப்பகங்களின் வழியாக ஓடிவருகிறது. கர்நாடகத்தில் காவிரியோடு கலக்கும் கபினி நாகரஹொளேக்கும் பந்திப்பூருக்கும் நடுவே வருகிறது. “மேட்டூர்ல எத்தனை அடி?” என்பது எங்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்கப்படும் கேள்வி. 120 அடி உயரத்துக்குத் தேங்கும் அந்த நீருக்குப் பின்னால் இருக்கும் காடுகளைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் தெளித்துவிட்ட மாசி மாதம் எங்களுக்கு ஓய்வுக்காலம். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் சத்தியமங்கலத்தில் குடியிருக்கிறார்; மஞ்சளும் வாழையும் போடுகிறார். வனத்துறையின் அனுமதியை அவர் முன்னதாகவே வாங்கி வைத்திருந்தார். அப்படித்தான் மோயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சத்தியமங்கலம் காடு இருக்கும் இடமே அதன் சிறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் ஒன்றை ஒன்று தொடும் மூலையில் அது இருக்கிறது. மேற்கே முதுமலை, வடமேற்கே பந்திப்பூர், வடக்கே பிலிகிரிரங்கன் மலை, வடகிழக்கே மாதேஸ்வரன் மலை என்று நாற்புறமும் காடுகள் சூழ, நடுவில் ஒரு பாலம்போலக் கிடக்கிறது. நீலகிரியின் யானைகள் கிழக்கே காவிரிக்கரைக் காடுகளுக்குப் போகவும் திரும்பவும் இந்தப் பாலத்தைத்தான் பயன்படுத்துகின்றன. 2008இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் விரிவாக்கப்பட்டு, 2013இல் தமிழ்நாட்டின் நான்காவது புலிகள் காப்பகமானது. மொத்தப் பரப்பு 1,408 சதுர கிலோமீட்டர். முந்தைய தலைமுறைக்கு இந்தக் காடு செய்தித்தாளில் வேறொரு காரணத்துக்காகவே அறிமுகமாகியிருந்தது. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட பிறகுதான் ஆய்வாளர்களும் கணக்கெடுப்பாளர்களும் தயக்கமின்றி உள்ளே போக முடிந்தது. அதற்குப் பத்தாண்டுகள் ஆவதற்குள் அது புலிகள் காப்பகமாகிவிட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

மோயாற்றை எங்கள் பக்கத்து ஆறுகளோடு ஒப்பிட முடியாது. நீலகிரியின் முக்குறுத்தி மலையடியில் பைக்காரா என்ற பெயரில் பிறந்து, வடக்கே இறங்கி, முதுமலைக்குள் மோயாறாகிறது; மாயாறு என்றும் சொல்கிறார்கள். தெப்பக்காட்டுக்குக் கீழே அருவியாக விழுந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழமான பிளவுக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே ஆற்றின் ஒரு கரை தமிழ்நாடு, மறு கரை கர்நாடகம். நிலவியலார் மோயாறு–பவானி முறிவு மண்டலம் என்று குறிப்பிடும் மிகத் தொன்மையான புவியோட்டு முறிவின் வழியே ஓடுவதால்தான் அது கிழக்கு நோக்கி அவ்வளவு நேராகப் பாய்கிறது. பள்ளத்தாக்கின் தென்புறம் நீலகிரி செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வடபுறம் தலமலைப் பீடபூமியின் விளிம்பு. இரண்டுக்கும் நடுவே இந்த ஆறு ஓடிவந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு சேர்கிறது.

காடு இருப்பதால் மழை பெய்கிறது, மழையால் ஆறு ஓடுகிறது என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட வாக்கியம் அந்தப் பள்ளத்தாக்கில் நின்றபோது எனக்குக் கூச்சத்தைத் தந்தது. அங்கே மழை குறைவு. தென்மேற்குப் பருவமழையை நீலகிரி தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. உசிலையும் வேலமரமும் கள்ளியும் நிறைந்த முட்காட்டின் நடுவே, வேறிடத்தில் பெய்த மழையைச் சுமந்துகொண்டு ஓர் ஆறு போகிறது. அந்த விதத்தில் எங்கள் ஊரும் அப்படித்தான். குறுவைக்கு வேண்டிய நீரை எங்கள் வானம் தருவதில்லை. குடகும் வயநாடும் நீலகிரியும் தருகின்றன. அந்த வறண்ட காடு ஆற்றுக்குச் செய்யும் வேலை வேறு: சரிவுகளின் மண்ணைப் பிடித்து வைக்கிறது, கரையை அரிக்கவிடாமல் காக்கிறது, பெய்யும் கொஞ்ச மழையை ஓடைகள் வழியே மெல்லக் கசியவிடுகிறது. வேர்கள் போய்விட்டால் முதல் கோடைமழையிலேயே அந்த மண் முழுவதும் அணைக்குள் இறங்கிவிடும்.

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. மண்ணால் கட்டிய அணை, 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், பவானியிலிருந்து காளிங்கராயன் வாய்க்காலும் இந்த ஆற்றை நம்பி வெட்டப்பட்டிருந்தன. அணைக்கரை மேல் நின்றபோது நண்பர் சொன்னார்: “இந்தத் தண்ணி மொதல்ல எங்க மஞ்சக் காட்டுக்கு வரணும். மிச்சம் இருந்தாத்தான் உங்க ஊருக்கு.” அவர் சொன்னது சரி. எங்கள் பாசனத்தின் பெரும்பங்கு மேட்டூர் வழியே வருவது. பவானி எங்களுக்கு வெள்ளக்காலத்தில்தான் முழுதாக வந்து சேர்கிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரும் பவானிசாகரும் சேர்ந்து உபரிநீரை விட்ட நாட்களில் கொள்ளிடம் இரு கரையும் முட்டப் போனதை நான் பார்த்தேன். அந்த மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் பழைய கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. கரையில் நின்ற நாங்கள் மிதந்துவந்த மரங்களைப் பார்த்து அது எந்த மரம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எந்தக் காடு என்று பேசவில்லை.

காராச்சிக்கொரை சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே போனோம். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இருளர் இளைஞர். சாலை என்று சொல்லத்தக்கது கொஞ்ச தூரத்தில் முடிந்துவிட்டது. மாசி மாதக் காடு இலையுதிர்த்து நின்றது. தூரம்வரை பார்வை போயிற்று. தீத்தடுப்புக் கோடுகளை அப்போதுதான் சுத்தம் செய்திருந்தார்கள். நீர்த்தேக்கம் வற்றி விலகிய இடத்தில் புல் முளைத்திருந்தது. அங்கே அறுபது எழுபது வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் தலையைப் பின்னால் சாய்த்து நடந்தது.

எனக்கு அந்த மான் புதிதில்லை. நான் அதை முதன்முதலில் பார்த்தது காவிரிப் படுகையின் தென்கோடியில், கோடியக்கரையில். 1967இல் அந்தச் சரணாலயம் அமைக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். பள்ளிச் சுற்றுலாக்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். உப்பங்காற்று வீசும் கடலோரப் புல்வெளியில் நிற்கும் மான், மோயாற்றுப் பள்ளத்தாக்கின் முட்காட்டிலும் நிற்கிறது என்பதை நூலில் படித்திருந்தேன். ஆனால் ஒரே ஆற்றின் தலைமடையிலும் கடைமடையிலும் அது நிற்பதாக நான் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை. வெளிமானுக்கு வேண்டியது திறந்தவெளி. பெயரே அதைச் சொல்கிறது. இரண்டு இடங்களிலும் அதற்கு ஒரே பகை: சீமைக்கருவேலம். கோடியக்கரையின் புல்வெளியை அது மூடுகிறது. இங்கேயும் ஆற்றங்கரையின் மேய்ச்சலை மூடுகிறது. மேலே மலைக்காட்டில் உண்ணிச்செடி அதே வேலையைச் செய்கிறது. புலியைப் பற்றிப் பேசும்போது இந்தச் செடிகளைப் பற்றிப் பேசுவது சலிப்பூட்டலாம். ஆனால் புல் போனால் மான் போகும். ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவுள்ள இரை ஏறத்தாழ ஐம்பது வேண்டும். எனவே செடிப் பேச்சும் புலிப் பேச்சுதான்.

திணை பிரித்த நம் முன்னோர் புலியைக் குறிஞ்சிக்குக் கொடுத்தார்கள். மருதத்துக்கு எருமையையும் நீர்நாயையும் கொடுத்தார்கள். நீர்நாய் இன்னும் மோயாற்றில் கூட்டமாகத் திரிகிறது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் இருக்கிறது. வலை கிழிந்தால் எங்கள் ஊர் மீன்பிடிக்கிறவர்கள் முதலில் திட்டுவது அதைத்தான். முதலையும் அப்படியே: மோயாற்றின் மடுக்களில் வெயில் காயும் முதலை, அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும் சிதம்பரம் பக்கத்து ஊர்களின் குளங்களிலும் உண்டு. ஆற்றங்கரையில் காவலர் ஈரமணலைச் சுட்டிக்காட்டி, “நீர்நாய் காலடிங்க சார், விரலுக்கு நடுவுல தோல் இருக்கும் பாருங்க” என்றார். பக்கத்திலேயே மீன் செதிள்கள் கலந்த எச்சம் கிடந்தது. அதே இடத்தில் மூன்று நாள் முன்பு புலி தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தது என்று அவர் சொன்னார். அந்தத் தடம் யானைக்காலடியில் அழிந்துவிட்டிருந்தது.

கரை நெடுக நின்ற மரங்களை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வழவழப்பான சாம்பல் வெள்ளைப் பட்டை, ஆற்றின் மேல் சாய்ந்த கிளைகள், அடியில் ஐந்து சிறகுள்ள காய்ந்த பழங்கள். நீர்மருது. எங்கள் ஊரின் பெயரே இந்த மரத்தின் பெயர். திருவிடைமருதூரின் தலமரம் மருது. வடமொழியில் இம்மரத்துக்கு அர்ச்சுனம் என்று பெயர். அதனால் சீசைலம் மல்லிகார்ச்சுனம், எங்கள் ஊர் மத்தியார்ச்சுனம், தாமிரவருணிக் கரையின் திருப்புடைமருதூர் புடார்ச்சுனம் என்று மூன்று மருதூர்களை ஒரே வரிசையில் வைத்துச் சொல்வார்கள். (அந்தத் தாமிரவருணி பிறக்கும் களக்காடு முண்டந்துறையும் புலிகள் காப்பகம்தான்.) வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அந்தத் திணைக்குப் பெயர் கொடுத்த மரமாகப் பலர் கருதும் இதைக் கோயில் பிராகாரத்தில் வேலிக்குள் பார்த்துப் பழகிய எனக்கு, அது காட்டாற்றின் இரு கரையிலும் யாரும் நடாமல் தானே வரிசைகட்டி நின்றதைக் கண்டபோது சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

இந்த மரங்களை நம்பி வாழும் பறவை ஒன்று இருக்கிறது. காவலர் வானத்தைக் காட்டினார். மிக உயரத்தில் நான்கு புள்ளிகள் வட்டமிட்டன. “பாறுங்க சார். செறக ஆட்டாமப் போகுது பாருங்க. கழுகுன்னா நடுவுல ஒருக்கா அடிக்கும்.” பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு. வெண்முதுகுப் பாறு நீர்மருதின் உச்சியில் கூடு கட்டி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். கூடுகள் மேலே சிறியூர்ப் பக்கம் இருக்கின்றன. நாங்கள் அங்கே போகவில்லை, போகவும் கூடாது. கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில் கூடு வைக்கும். செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. தென்னிந்தியாவில் பாறுகள் நிலையாக இனம் பெருக்கும் முக்கியமான இடம் இதுதான்.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் வீட்டு மாடு நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் மாடு செத்தால் ஊர்ப்புறத் திடலில் போடுவார்கள்; பாறுகள் இறங்கி ஒரே நாளில் எலும்பாக்கிவிடும். அந்தத் திடலைக் கடந்து பள்ளிக்குப் போவதற்குப் பயந்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பசுவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசி போட்டார்கள். அது டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி மருந்தாக இருந்திருக்கக்கூடும் என்று இன்று நினைக்கிறேன். அன்று அந்தப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் இறந்துவிடும். இந்தக் காரணம் 2004இல்தான் உலகுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் மிகப் பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகம் பாறுக்குத் தீங்கு செய்யாத மாற்று. எங்கள் ஊரில் பாறு எப்போது மறைந்தது என்று எவருக்கும் நினைவில்லை. புள்ளிருக்குவேளூரில் இன்று புள் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மிஞ்சியதற்குக் காரணம், இங்கே பாறுகள் வீட்டு மாட்டின் உடலை மட்டும் நம்பி இருக்கவில்லை. புலியும் செந்நாயும் அடித்து மிச்சம் வைத்த கடமானும் புள்ளிமானும் காட்டெருமையும் அவற்றுக்கு உணவாயின. புலி இருக்கும் காட்டில்தான் நஞ்சில்லாத பிணம் கிடக்கிறது. அங்கே நான் தெரிந்துகொண்டவற்றில் என் மனத்தை மிகவும் உலுக்கியது இதுதான்.

புலிகளின் எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு புலியின் விலாக்கோடும் தனித்தன்மை உடையது. நம் கைரேகை போல. தானியங்கிக் கேமராக்களை இருபுறமும் எதிரெதிராக வைத்து இரண்டு விலாவையும் படம் எடுத்து எண்ணுகிறார்கள். புலிகள் வாழும் 13 நாடுகள் 2010இல் கூடி, 2022க்குள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க உறுதி எடுத்தன. சத்தியமங்கலத்தில் அந்தக் காலத்தொடக்கத்தில் 25 ஆக இருந்த புலிகள் 80 ஆனதற்காக, நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவோடு சேர்த்து, 2022இல் இக்காப்பகத்துக்குச் சர்வதேச விருது கிடைத்தது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள். 2006இல் அது வெறும் 76. காப்பகம் அறிவித்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. முதுமலையும் பந்திப்பூரும் நிறைந்தபோது இடம் தேடிய இளம்புலிகளுக்குக் கிழக்கே போக வழி திறந்திருந்தது. அந்த வழி அடைபடாமல் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும், 2024 ஜனவரியில் அந்தியூர்ப் பக்கம் தந்தை பெரியார் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது இந்த வழியை இன்னும் கிழக்கே நீட்டுகிறது. இந்த அறிவிப்புகள் எங்கள் மாவட்டச் செய்தித்தாள் பக்கங்களில் வரவே இல்லை என்பது எனக்குக் குறை.

திம்பம் மலைப்பாதையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். கோவையிலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலை காப்பகத்தின் நடுவே போகிறது. இரவில் வண்டியடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. தாளவாடி விவசாயிகளின் காய்கறி வண்டிகள் படும் தொல்லை உண்மையானது; ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் எண்ணம்.

எனக்கு அவ்வளவு எளிதாக முடிவு சொல்ல வராத இடம் தெங்குமரஹாடா. மோயாற்றைப் பரிசலில் கடந்து போனால், நாற்புறமும் புலிக்காடு சூழ, நடுவே பச்சைப் பசேலென்று நெல்வயல். நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த 1948இல், கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குக் காட்டின் நடுவே சுமார் 500 ஏக்கர் கொடுக்கப்பட்டு உருவான ஊர் அது. வரப்பில் நின்றபோது எங்கள் ஊர் வரப்பில் நிற்பது போலவே இருந்தது. நிமிர்ந்தால் மட்டும் நீலகிரி. பெரியவர் ஒருவர் என் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “தஞ்சாவூர்ப் பக்கமுங்களா? ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்க காணுது?” என்றார். சொன்னேன். “எங்களுக்கும் காணுமுங்க. ஆனை விட்டுவெச்சாத்தானுங்க” என்றார். அறுப்புக்கு முன் இரண்டு மாதம் பரண்மேல் தூங்காமல் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசல் போகாது; பிரசவ வலியோடு அக்கரையில் காத்திருந்த பெண்களின் கதைகள் அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து 495 குடும்பங்களை வெளியே குடியமர்த்தும் திட்டம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. யானைகள் ஆற்றுக்கு இறங்கும் பாதையில் ஊர் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு விவசாயியாக அந்த மண்ணை விட்டுப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அங்கே இருக்கும் இளையவர்கள் பலர் போகவே விரும்புகிறார்கள். விரும்புகிறவர்களுக்குப் பணமும் மாற்று நிலமும் முழுதாகக் கைக்கு வந்த பிறகே வெளியேற்றம் நடக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே வாழும் இருளர், சோளகர், ஊராளி மக்களின் நிலை வேறு. 2006இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அந்தக் காட்டின்மேல் உரிமை தந்திருக்கிறது; அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு குடிசையைக்கூட நகர்த்தக் கூடாது. எனக்குப் பாறையும் பறவையும் காலடியும் காட்டித் தந்த இளைஞர் அவர்களில் ஒருவர். தீ எரியும் மாதங்களில் இரவு முழுவதும் கோடு காப்பதும், கேமராவைச் சுமந்து மலை ஏறுவதும் அவரைப் போன்றவர்களே.

திரும்பும்போது பரிசல்துறையில் மருதின் அடியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்தேன். திருவிடைமருதூர்க் கோயில் மரத்தின் பழத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காவலர் தயக்கத்தோடு, “இங்கிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாதுங்க சார்” என்றார். சரி என்று கீழே வைக்கப் போனேன். “ஆத்துல போடுங்க, அது தண்ணியில போய்த்தான் மொளைக்கும்” என்றார். போட்டேன். ஐந்து சிறகும் நீருக்கு மேல் தெரிய, சுழன்று, பரிசலைத் தாண்டிக் கிழக்கே போயிற்று.

ஆனியில் எங்கள் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்தது. மதகடியில் நுரையும் சருகும் குச்சியும் ஒதுங்கி நின்றன, மண்வெட்டியால் விலக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். மேலண்டை வயல்காரர் வரப்பில் நின்று, “மேட்டூர் எத்தனை அடி சார்?” என்று கேட்டார். சொன்னேன். பவானிசாகரின் அளவையும் சேர்த்துச் சொன்னேன்.

“அது எதுக்கு சார் நமக்கு?” என்றபடி, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் மதகுக்கட்டையில் வந்து உட்கார்ந்தார்.